டயருக்குப் பின்னால்

மூன்றாவது குண்டு லாரிக்கு முன்னால் விழுகிறது.

மண் எழும்புகிறது. கல் எழும்புகிறது. நான் குப்புறக் கிடக்கிறேன். வாய் நிறைய மண். துப்புகிறேன். மண்ணோடு ரத்தமும் வருகிறது. நாக்கைக் கடித்திருக்கிறேன்.

"படு! படு! தலையத் தூக்காத!"

கத்துவது நான்தான். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது.

எனக்கு வலப்பக்கம் தினேஷ் கிடக்கிறான். இடையில் நாலைந்து முழம்தான் இருக்கும். சரியாகத்தான் படுத்திருக்கிறான். முழங்கை உள்ளே, முகம் மண்ணில், வாய் திறந்து. வாயைத் திறந்து வைத்தால் காது கிழியாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எங்களுக்கு முன்னால் ரேஷன் லாரி நிற்கிறது. ஓட்டுநர் ஜஸ்வந்த் இன்னும் இருக்கையில் இருக்கிறான். கண்ணாடி முழுக்கச் சிவப்பு. அவன் அசையவில்லை.

வடக்கு எல்லை. மலைச்சரிவில் ஒரு வளைவு. இடத்தின் பெயர் வேண்டாம். ஊரில் சித்திரை வெயில் கொளுத்தும் காலம், அங்கே காலையில் பல் கிட்டும். மேலே இருக்கும் காவல் முகாமுக்கு மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போனோம். வளைவில் டீ குடிக்க நிறுத்தினோம். தினேஷ் என் பையைத் துழாவி ஆட்டையாம்பட்டி முறுக்கு டப்பாவை எடுத்தான். லீவு முடிந்து நான் கொண்டுவந்தது. ஒன்றை உடைத்து ஜஸ்வந்திடம் பாதி கொடுத்தான். அப்போதுதான் முதல் சத்தம்.

சத்தங்களைச் சொல்ல வேண்டும். அங்கே இல்லாதவர்களுக்கு அது தெரியாது. எதிர்ச்சரிவில் குண்டு புறப்படும்போது "டொப்" என்று கேட்கும். பக்கத்துத் தோப்பில் தேங்காய் விழுந்தது போல. அப்புறம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் கொடுமை. பிறகு மெல்லிய விசில். விசில் நின்றால் அது நம்மிடம் வந்துவிட்டது என்று பொருள். படுத்தவன் பிழைப்பான். நின்றவன் பிழைக்க மாட்டான். பட்டாளத்தில் முதல் நாளே மண்டையில் ஏற்றுவது இதுதான். படு. யோசிக்காதே, படு.

மூன்றாவது குண்டின் இரும்புத் துண்டு லாரியின் பிரேக் காற்றுத் தொட்டியைக் கிழித்துவிட்டது. அதைப் பிறகு எனக்குச் சொன்னார்கள். அப்போது சத்தம் மட்டும் கேட்டது. "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்று அடைத்த காற்று பீறிட்டுப் போகும் சத்தம். குண்டின் விசிலைவிடப் பெரிய சத்தம். நிற்கவே இல்லை.

தினேஷ் எழுந்தான்.

இன்றைக்கும் நான் அதைப் பார்க்கிறேன். ஒரே துள்ளலில் எழுந்தான். குனியவில்லை. என்னிடம் வந்தான். என் காலரைப் பிடித்து இழுத்தான்.

"படுக்காதீங்ணா! எந்திரிங்க! டயருக்குப் பின்னால!"

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கெட்ட வார்த்தை சொல்லி அவன் கையை உதறினேன். அவன் லாரியைப் பார்த்து ஓடினான். பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றான். நின்றான். படுக்கவில்லை, உட்காரவும் இல்லை. அங்கிருந்து என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்.

"டயருக்குப் பின்னால வாங்ணா! வாங்ணா!"

நான்காவது "டொப்" எனக்குக் கேட்கவில்லை. காற்றுச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. லாரியின் மேல் விழுந்தது. மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள் மேலே எழுந்ததைப் பார்த்தேன். வெள்ளையாக மாவு பறந்தது. பிறகு அந்த வெள்ளையின் நடுவே நெருப்பு. என் இடது காதுக்குள் யாரோ ஆணி அறைந்தார்கள். அதற்கப்புறம் அந்தக் காதுக்குச் சத்தம் என்ற ஒன்றே கிடையாது.

புகை விலகியபோது தவழ்ந்து போனேன். சக்கரம் எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் நாற்றம். வேறு நாற்றமும். அவனை நான் தேடவில்லை. அங்கங்கே கிடந்தான். உடம்பைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் அவன் அம்மா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். வலது கை முழுசாக இருந்தது. தோள் வரை. அதில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டைவிரல் நகத்தில் முறுக்குத் துணுக்கு ஒட்டியிருந்தது.

அந்தக் கையை நான்தான் எடுத்தேன். என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன்.

தினேஷ் வெண்ணந்தூர்க்காரன். தறிக்காரர் மகன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பழனியம்மாள் விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்து வளர்த்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறினான். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றினான். அதை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்கு வந்தான். எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிப் பக்கம். பக்கத்து ஊர்க்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை விட மாட்டான். "ஏனுங்ணா, முறுக்குக் காலியாயிருச்சுங்களா?" என்று லீவு முடிந்து வரும் அன்றைக்கே கேட்பான். நான் ஹவில்தார். அவன் சிப்பாய். அவன் அதை ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்த வேண்டும் என்று நானும் நினைத்ததில்லை.

சிரிப்பதற்கும் ஒன்று உண்டு. அவன் வந்த புதிதில் சமையல் கொட்டகையில் பெரிய குக்கர் வால்வு பழுதாகி "உஸ்ஸ்" என்று கத்தியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை வீசிவிட்டுத் தண்ணீர் டேங்கர் பின்னால் போய் நின்றான். விழுந்து விழுந்து சிரித்தோம். குக்கர் வீரன் என்று பெயர் வைத்தோம். அவனும் சிரித்தான். "கடைசி ஆளு தட்டுக் கழுவோணும்ணா" என்று என்னவோ சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

அவன் உடல் ஊருக்குப் போனபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். கோயம்புத்தூர் வரை விமானம். அங்கிருந்து ராணுவ வண்டி. வெண்ணந்தூர் ரோடு முழுக்கக் கூட்டம். தறிச் சத்தம் அன்றைக்கு ஊரில் எங்கும் இல்லையாம். கொடி போர்த்திய பெட்டி. வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். காக்கைகள் எழுந்து பறந்தன. பெரிய மனிதர்கள் வந்தார்கள். மாலை வைத்தார்கள். போனார்கள்.

அவர்கள் கட்டிய பேனர் மட்டும் போகவில்லை. நான் ஊருக்கு வந்த பிறகும் முக்கில் நின்றது. அதில் தினேஷ் துப்பாக்கியோடு மலை உச்சியில் நிற்கிறான். தலை மட்டும்தான் அவனுடையது. உடம்பு வேறு யாருடையதோ. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதைத்தான் பார்த்தேன். அங்கேயே சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

பழனியம்மாள் என்னை உட்காரச் சொன்னார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அழவில்லை.

"மூஞ்சியக் காட்ட முடியாதுன்னுட்டாங்க சாமி. நான் பொட்டியில தலைய ஒரே முட்டா முட்டுனேன். அப்பறம் கையை மட்டும் காட்டுனாங்க. வெரலு அஞ்சும் விரிஞ்சே இருந்துச்சு. மடக்கிப் பாத்தேன். மடங்கல. எதுக்கு சாமி அப்படி விரிச்சுக்கிட்டுப் போனான்?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். குண்டு விழுந்தது. நாங்கள் படுத்தோம். அவன் எழுந்தான். லாரிக்கு ஓடினான். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டான். அடுத்த குண்டு விழுந்தது.

வாசல் ஓரம் அவனுடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"படுத்தவங்க பொழச்சுக்கிட்டாங்க. ஓடுனவன் போய்ச் சேந்தான். வண்டியில ஏறித் தப்பிக்கலாம்னு பாத்திருக்கான் பையன். வயசு அப்படி. என்னத்தச் சொல்றது."

கெட்ட மனிதர் அல்ல. துக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குள் தங்கவில்லை. பட்டறைக்குப் போனது. டீக்கடைக்குப் போனது. பேனருக்குக் கீழே நின்றுகொண்டே பேசினார்கள். ஓடினானாம். ஓடும்போதுதான் செத்தானாம்.

அடுத்த முறை நான் போனபோது சுவரில் படம் இல்லை. துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார்.

"நேராக் கேக்கறேன். நேராச் சொல்லு. என்ற பையன் ஓடுனானா?"

"இல்லீங்கம்மா."

"அப்பறம் எதுக்கு எந்திரிச்சான்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எதற்கு எழுந்தான்? நன்றாகப் பயிற்சி எடுத்தவன். படுக்கத் தெரிந்தவன். மூன்று குண்டுக்குப் படுத்தவன் நான்காவதற்கு ஏன் எழுந்தான்? எனக்குத் தெரியாது. இல்லை என்று சொன்னேனே தவிர, குரலில் பலம் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு நான் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

ஒரு தாய் தன் மகனை எரித்தாகிவிட்டது. இப்போது அவன் பெயரையும் எரிக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

காது போனதால் என்னைப் பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அண்ணனோடு தோட்டத்தில் இருந்தேன். அந்த வருஷம் கிணறு சுத்தமாக வற்றியது. மரவள்ளி காய்ந்தது. அண்ணன் ஆழ்துளைக் கிணறு போட ரிக் வண்டி பிடித்தார். திருச்செங்கோட்டு வண்டி. இரண்டு லாரி. ஒன்றில் துளை போடும் கருவி. இன்னொன்றில் காற்றை அடைத்து அனுப்பும் கம்ப்ரசர். இரண்டுக்கும் நடுவே தொடை மொத்தத்தில் ரப்பர் ஹோஸ் தரையில் கிடக்கும். அதன் வழியாகத்தான் காற்றுப் போகிறது.

எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் காட்டி ஆரம்பித்தார்கள். நிலம் அதிர்ந்தது. வெள்ளையாகக் கல்தூள் பறந்தது. அந்த வெள்ளையைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேலி ஓரம் போய் நின்றேன். அண்ணன் விடவில்லை. தண்ணீர் வருகிற நேரம், பக்கத்தில் வந்து நில் என்று கூப்பிட்டார். போனேன்.

ஹோஸின் பூட்டுக் கழன்றது.

முதலில் சத்தம். "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்." அதே சத்தம். மலையில் கேட்ட அதே சத்தம் என் தோட்டத்தில், என் மரவள்ளிக் காட்டின் நடுவில்.

நான் படுத்தேன்.

யோசிக்கவில்லை. முழங்கை உள்ளே, முகம் மண்ணில், வாய் திறந்து.

"படுக்காதீங்க! எந்திரிங்க! டயருக்குப் பின்னால! டயருக்குப் பின்னால!"

தலையைத் தூக்கினேன். கம்ப்ரசர் லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் ரிக் ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். நின்றபடி. முன்னால் நிற்கிறவர் துளை போடும் ட்ரில்லர் சின்ராசு. கண் இமையெல்லாம் கல்தூள். கையை என் பக்கம் நீட்டியிருக்கிறார். ஐந்து விரலும் விரிந்திருக்கிறது.

"வாங்க! வாங்க!"

எனக்கு அது சின்ராசு இல்லை. தினேஷ். நான் எழவில்லை. எழ முடியவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஹோஸ் பாம்பு மாதிரி தரையோடு தரையாக வீசிக்கொண்டு வந்தது. அதன் இரும்பு முனை என் வலது முன்னங்கையில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. காய்ந்த மரவள்ளிக் குச்சி முறிவது போல. திரும்பவும் வந்தது. விலாவில் அடித்தது. மூச்சு நின்றது. கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அதற்குள் யாரோ கம்ப்ரசரை நிறுத்தினார்கள். ஹோஸ் செத்து விழுந்தது.

நான் சிரித்தேன் என்று அண்ணன் சொல்கிறார். சிரித்தேனோ அழுதேனோ, நினைவில்லை. "தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சு போச்சு" என்று கத்தினேனாம்.

சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் சின்ராசு என் கையைத் துண்டால் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். ரத்தம் அவர் மடியில் இறங்கியது. எனக்கு மயக்கம் வராமல் இருக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

"பட்டாளத்துக்காரரே, ஹோஸ் கழண்டா படுக்கறவன் செத்தானுங்க. அது தரையோட வீசும். டயருதான் காப்பு. அது பின்னால நிக்கோணும். புதுசா ஆளு சேந்தா நாங்க மொதல்ல பழக்கறது இதுதானுங்க. சோறு திங்கறப்ப வாயால உஸ்ஸுனு அடிப்போம். அம்புட்டுப் பேரும் டயருக்கு ஓடோணும். கடைசி ஆளு எல்லாத்து தட்டையும் கழுவோணும். தூக்கத்துல அடிச்சாலும் எந்திரிச்சு ஓடுவானுங்க எங்க ஆளு."

"கை? கை எதுக்கு நீட்டுனீங்க?"

"மொதல்ல போனவன் சும்மா நிக்கக் கூடாதுங்க. கடைசி ஆளு கை சிக்கற வரைக்கும் நீட்டிக்கிட்டே இருக்கோணும். அத விட்டுட்டு நிக்கறவன ரெண்டாவது நாளே வண்டியில இருந்து எறக்கி விட்டுருவோம்."

மூளைக்குப் பட்டாளம் சொல்லிக் கொடுத்தது. உடம்புக்கு ரிக் சொல்லிக் கொடுத்திருந்தது. குண்டின் விசிலுக்குப் படுத்தவன், காற்றின் சத்தத்துக்கு எழுந்தான். அவ்வளவுதான். பிழைதான் செய்தான். ரிக்கில் வேலை செய்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அதிலும் முதலில் என்னிடம்தான் வந்தான்.

கையில் மாவுக்கட்டோடு வெண்ணந்தூர் போனேன். சின்ராசுவையும் கூட்டிப் போனேன். வேலை கெட்டுப் போகும் என்று அவர் சொல்லவில்லை. பழனியம்மாள் பட்டறையில் இருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். மற்றவர்களும் நிறுத்தினார்கள். தாய்மாமன் பக்கத்துத் தறியில் நூல் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

சின்ராசு எனக்குச் சொன்னதை அங்கே எல்லோருக்கும் சொன்னார். சத்தமாகச் சொன்னார். தறிக்காரர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரிக் ஆட்களுக்கும் அப்படித்தான். முடிந்ததும் அம்மா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"எப்படி நீட்டுவீங்க? காட்டுங்க."

சின்ராசு தறித்தூணுக்குப் பின்னால் போய் நின்றார். வலது கையை நீட்டினார். விரல்களை விரித்தார்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தார். கிட்டே போனார். ஒவ்வொரு விரலாகத் தொட்டார். மடக்கப் பார்த்தார். சின்ராசு மடக்கவில்லை.

"இப்படித்தான். இப்படியேதான் இருந்துச்சு."

அப்போதுதான் அழுதார். பெட்டி வந்த அன்றைக்கு அழாத அழுகை. பட்டறையே கேட்டது. தாய்மாமன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுது முடித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"கடைசி ஆளு யாரு சாமி?"

"நான்தானுங்கம்மா."

"நீ போயிருந்தா நீயும் செத்திருப்பே."

"ஆமாங்கம்மா."

"போகாதது நல்லதாப் போச்சு. இதைச் சொல்ல வேற யாரு இருக்கறா?"

என் கட்டுப் போடாத கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. அன்று மாலை படத்தை அலமாரியிலிருந்து இறக்கினார். துணியைப் பிரித்துத் துடைத்தார். ஆணி பழைய இடத்திலேயே இருந்தது. மாட்டியது தாய்மாமன்.

படிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது. அதனால் போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு லாரி. மேலே முகாமில் பசியோடு காத்திருந்தவர்களுக்கான மாவும் பருப்பும். பாதி தின்ற முறுக்கு டப்பா. என் இடது காது. தோட்டத்தில் என் வலது கையின் பலம், இனி கலப்பை பிடிக்காது. துளையில் தண்ணீரும் வரவில்லை, வெறும் தூள்தான்.

ஜஸ்வந்த். கையில் அரை முறுக்கோடு இருக்கையில் இருந்தவன். அவன் ஊரில் அவனைப் பற்றிச் சொல்ல யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் அம்மா இருந்தார்.

தினேஷ். வெண்ணந்தூர். தறிக்காரர் மகன். இருபத்து மூன்று வயது. டயருக்குப் பின்னால் நின்றான். கடைசி ஆளுக்குக் கை நீட்டினான். ஓடவில்லை.